நடுவிலிருந்து கேளுங்கள், அத்தா!

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு ரைஹால் பலகைகள் உண்டு. ஒன்றில் திருக்குர்ஆன் இருக்கும். மற்றொன்று நெடுநாளாக மடித்தபடியே அலமாரியின் மேல் கிடந்தது. 2024ஆம் ஆண்டு கோடையில் என் மகள் அதனை எடுத்துத் தூசி தட்டி, தடித்த மருந்தியல் நூல் ஒன்றை அதன்மேல் விரித்து வைத்தாள்.

“ரைஹாலில் பாடப் புத்தகத்தை வைக்கலாமா?” என்று என் துணைவியார் தயங்கினார்.

“உயிரைக் காக்கும் கல்விதானே! தாராளமாக வைக்கலாம்” என்றேன். நான் அவ்வாறு கூறியபோது, அந்தக் கல்வி எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் உயிரைக் காத்திருந்தது. அது குறித்தும், அதன்பின் நாங்கள் இருவரும் இரவுதோறும் அமர்ந்து படித்த பாடம் குறித்தும் வாசகச் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் ஆவடி மாநகராட்சிக்குட்பட்ட கோவில்பதாகையில் வசிப்பவன். மாலை நேர மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதக் கொடுப்பது என் பணி. கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. விஞ்ஞானத்துக்கும் எனக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. ஆயினும் என் மகள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயின்று, மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர விரும்பியபோது நான் தடை சொல்லவில்லை. “பெண்பிள்ளை கடையில் நின்று மருந்து விற்பதா?” என்று உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். “நம் வீட்டுப் பெண்கள் தங்கள் நோயை மனம் திறந்து சொல்ல, அந்தக் கடையில் ஒரு பெண் இருந்தால் நல்லதில்லையா?” என்று என் தாயார் கேட்ட ஒரே கேள்வியில் அந்தப் பேச்சு அடங்கிற்று.

படித்தால் மட்டும் போதாது

பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள். அதன்பின் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. முன்பெல்லாம் இவற்றை முடித்தவர்கள் மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு பணியில் அமர்ந்தார்கள். இந்திய மருந்தியல் கவுன்சில் 2022இல் புதிய விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டயம் பெற்றவர்கள் தகுதித் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். அதன் பின்னரே பதிவு செய்துகொள்ள இயலும் என்பது அவ்விதி. ஆங்கிலத்தில் மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே பாதி மதிப்பெண் பெற வேண்டும். மருந்துகளின் செயல், வேதியியல், மூலிகை இயல், மருத்துவமனை மருந்தியல், சட்டம், கடை நிர்வாகம் என்று இரண்டாண்டுப் பாடம் முழுவதும் அதில் அடங்கும். 2024 அக்டோபரில் நடந்த அத்தேர்வுக்கு என் மகள் விண்ணப்பித்திருந்தாள்.

“பட்டயம் கொடுத்த பிறகும் பரீட்சையா?” என்று நானும் முதலில் சலித்துக்கொண்டேன். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைப் பதிவு பெற்ற மருந்தாளுநரிடம் ஒப்படைத்திருக்கிறது. அப்படி ஒப்படைத்ததன் காரணத்தை நான் சட்டப் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. அவ்வாண்டு ரமளானில் என் வீட்டிலேயே கண்டுகொண்டேன்.

ஒரு நோன்பு நாள் மாலை

என் தாயாருக்கு எழுபது வயது. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். இரத்த அழுத்தமும் உண்டு. ஷஃபான் மாதத்தில் உறவினர் திருமணத்திற்கு வெளியூர் சென்றவர், அங்கே தலைசுற்றல் என்று ஒரு மருத்துவரிடம் காண்பித்தார். கையோடு கொண்டுபோகாத மாத்திரைகளின் பெயரை அவரால் சொல்ல முடியவில்லை. அந்த மருத்துவரும் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பிய தாயார் பழைய மாத்திரையையும் விடவில்லை, புதியதையும் விடவில்லை. இரண்டின் அட்டையும் வேறு நிறம். இரண்டின் பெயரும் வேறு. நோன்பு தொடங்கியதும் “காலை மாத்திரை” என்று இரண்டையும் ஸஹரிலேயே விழுங்கி வந்தார்.

நோன்பின் இரண்டாவது வாரம். மாலை ஆறு மணி ஆகியிருக்கவில்லை. பள்ளிவாசலில் இருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வந்து வைத்திருந்தேன். தாயார் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. மின்விசிறிக்குக் கீழே இவ்வளவு வியர்வையா என்று எண்ணினேனே தவிர, அதற்குமேல் எண்ணவில்லை. “என்னம்மா செய்கிறது?” என்று கேட்டதற்கு, சம்பந்தமில்லாமல் என் மறைந்த தந்தையார் எப்போது வருவார் என்று கேட்டார்.

நடுக்கம் இல்லை. படபடப்பும் இல்லை. நோன்புக் களைப்பில் தூக்கக் கலக்கம் என்று நான் முடிவு செய்தேன். “இன்னும் அரை மணி நேரம்தான். நோன்பு திறந்ததும் தெளிந்துவிடும்” என்று சொன்னவன் நான்தான்! நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் அளித்திருக்கும் சலுகையை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன், தன் தாய் முன்னால் அதை மறந்து நின்றேன்.

அடுப்படியில் இருந்து வந்த என் மகள் பாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. ஓடிப்போய்ச் சர்க்கரை அளக்கும் கருவியை எடுத்து வந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். 52 என்று காட்டிற்று. 70க்குக் கீழே இறங்கினாலே நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்திருக்கும் வரம்பு.

“அத்தா, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கப் போகிறேன்.”

“இன்னும் கொஞ்ச நேரம்...” என்று இழுத்தேன்.

“அரை மணி நேரம் கழித்து நன்னிக்கு விழுங்குகிற நினைவு இருக்குமா என்று எனக்குத் தெரியாது, அத்தா.”

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டினாள். கால்மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தாள், 78. தாயார் கண்ணைத் திறந்து, “பாங்கு சொல்லியாச்சா?” என்று கேட்டார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். என் மகளோ, “இத்துடன் முடியவில்லை. இந்த மாத்திரை நாள் முழுதும் வேலை செய்யும்; சர்க்கரை மறுபடி இறங்கலாம். மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்” என்று ஆட்டோவை அழைத்தாள். அன்றிரவு இருமுறை மீண்டும் இறங்கிற்று. மறுநாள் மாலையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

வீடு திரும்பியதும் அவள் இரண்டு அட்டைகளையும் என் முன்னால் வைத்தாள். பெருநிறுவனங்கள் சூட்டிய விற்பனைப் பெயர்கள் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் மருந்தின் உண்மைப் பெயர் ஒன்றே: கிளிமெபிரைடு. ஒரே மருந்தை இரண்டு பெயரில் இருமடங்காக உண்டு, பகல் முழுதும் பட்டினி கிடந்திருக்கிறார் என் தாயார்.

“ஏன் நடுக்கம் வரவில்லை?” என்று கேட்டேன்.

“நன்னி இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார்கள். சர்க்கரை இறங்கும்போது உடம்பு எழுப்புகிற எச்சரிக்கை மணிதான் நடுக்கமும் படபடப்பும். அட்டெனோலால் அந்த மணியை அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் அமுக்க முடியாது.”

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இதை இரண்டு மாதத்துக்கு முன்னால் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன், அத்தா. இந்த இரண்டு அட்டையும் ஒரு மாதமாக என் கண்ணெதிரே இந்த ஜன்னலில்தான் இருந்தன. படித்தேன், பார்க்கவில்லை” என்று அழுதாள்.

அந்த அழுகைதான் கோடையில் ரைஹாலைத் தூசி தட்டியது.

ஹிஃப்ழுப் பாடமும் மருந்துப் பாடமும்

பகலெல்லாம் செய்முறைப் பயிற்சி. இரவில் இஷாவுக்குப் பின் மீள்படிப்பு. “நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்” என்றாள். நான் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்டேன். தங்குதடையின்றிச் சொன்னாள். மூன்றாம் நாள் அவளே நிறுத்திவிட்டாள்.

“மதரசாவில் பிள்ளைகளிடம் இப்படியா கேட்பீர்கள்? நடுவிலிருந்து கேளுங்கள், அத்தா!”

எனக்குச் சுருக்கென்றது. குர்ஆனை மனனம் செய்யும் மாணவனை வரிசையாக ஓதச் சொன்னால் ஒரு வசனம் அடுத்த வசனத்தை இழுத்து வந்துவிடும். அவனுக்கு உண்மையில் மனனம் இருக்கிறதா என்று அறிய, ஏதேனுமொரு ஜுஸ்உவின் நடுவே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்து, அங்கிருந்து ஓதச் சொல்வோம். ஓதியதை ஓதிக்கொண்டே இருக்காவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகத்தைப் போல் அது நழுவிப் போய்விடும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இருபதாண்டுகளாக நான் செய்துவரும் இந்த வேலை மருந்தியலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே!

அன்று முதல் முறையை மாற்றினேன். மருந்தின் பெயரைச் சொல்லிக் குணம் கேட்பதை விட்டுவிட்டு, ஆளைச் சொல்லிக் கேட்டேன். “ஆஸ்துமாக்காரர் ஒருவர் இரத்த அழுத்தச் சீட்டோடு வருகிறார். சீட்டில் அட்டெனோலால். என்ன செய்வாய்?” “கொடுக்க மாட்டேன். மூச்சுக்குழாய் இறுகலாம். சீட்டு எழுதிய மருத்துவரிடம் பேசுவேன்.” “முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்க வந்த அம்மையாருக்கு என்ன சொல்லி அனுப்புவாய்?” “வாரத்துக்கு ஒரே நாள்தான் என்று சொல்லி, அந்தக் கிழமையையும் உறையின்மேல் எழுதிக் கொடுப்பேன். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.”

அவள் பாடங்களில் ஒன்றுக்குக் கிளினிக்கல் ஃபார்மசி என்று பெயர். ‘கிளினிக்’ என்னும் சொல், படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நோயாளியின் படுக்கையருகே நின்று பார்க்கும் மருந்தியல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மருந்து எதனால் ஆனது என்பதோடு அது நிற்பதில்லை. யார் உண்கிறார், வேறு எவற்றோடு உண்கிறார், எந்த வேளையில் உண்கிறார் என்று கேட்பதே அப்பாடத்தின் உயிர்.

ஓர் இரவு இன்சுலினைப் பற்றிக் கேட்டேன். நம் நாட்டுக் கடைகளில் ஒரு மில்லிக்கு 40 அலகு கொண்ட குப்பியும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 100 அலகுக் குப்பியின் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 20 அலகு அன்று, 50 அலகு! இந்தக் கணக்கை அவள் தாளில் போட்டுக் காண்பித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மூடியின் நிறத்தில் ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது.

மருந்துப் பெயர்கள்தாம் எனக்குப் பெரும் மலையாகத் தெரிந்தன. அங்கே என் அரபு இலக்கணம் கைகொடுத்தது. காதிப், ஆலிம், காதிம் என்ற சொற்களின் வார்ப்பைக் கொண்டே அவை செய்பவரைக் குறிக்கின்றன என்று மாணவர்களுக்குச் சொல்வோம். மருந்துகளிலும் அத்தகைய வார்ப்புகள் இருக்கின்றன. ‘பிரில்’ என்று முடிந்தால் எனலாபிரில், ராமிபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகள்; சிலருக்கு வறட்டு இருமல் வரும். ‘சார்டான்’ என்று முடியும் லோசார்டான், டெல்மிசார்டான் முதலியவற்றில் அந்த இருமல் அரிது. ‘ஸ்டாடின்’ கொழுப்பைக் குறைப்பவை; தசை வலி வந்தால் கவனிக்க வேண்டும். இதைக் கேட்ட என் மகள், “கல்லூரியில் சேர்ந்ததும் உங்களிடமே பாடம் கேட்டிருக்கலாம்” என்று சிரித்தாள்.

வழுக்கும் இடங்களும் உண்டு. குர்ஆனில் ஒன்றையொன்று ஒத்த வசனங்கள் வரும் இடத்தில் தேர்ந்த ஹாஃபிழும் ஒரு சூராவில் தொடங்கி மற்றொரு சூராவுக்குள் போய்விடுவதுண்டு. மருந்துக் கடையிலும் அதே வழுக்கல்தான். மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கு, மெட்ரோனிடசோல் சீதபேதிக்கு. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ரலாசின் இரத்த அழுத்தத்துக்கு. கிறுக்கெழுத்துச் சீட்டில் இவை இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஒத்த வசனங்களைப் பட்டியலிட்டு மாணவர்களுக்குக் கொடுப்பது போல, இம்மருந்துகளுக்கும் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

பெயரறிந்த பெருமகன்

வரலாறு பயின்றவன் என்பதால் நானும் அவளுக்கு ஒன்று சொன்னேன். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அல்பீரூனி தம் முதுமைக் காலத்தில் ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் மருந்து நூலை எழுதினார். ஒரே மருந்துப் பொருளுக்கு அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் என வழங்கிய பெயர்களையெல்லாம் அதில் திரட்டி வைத்தார். ஊருக்கொரு பெயர் வழங்கினால் மருந்து மாறிப்போகும் என்பதை உணர்ந்தவர் அவர். அக்கால முஸ்லிம் நகரங்களில் சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரி மருந்து விற்போரையும் சோதித்தார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அச்சமுதாயத்தின் செவிகளில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

“அல்பீரூனி திரட்டிய பெயர்ப் பட்டியல் நம் ஜன்னலில் இருந்திருந்தால் நன்னிக்கு அப்படி ஆகியிருக்காது” என்றாள் மகள். உண்மைதான். ஆனால் பட்டியல் இருக்கத்தான் செய்தது. மருந்தின் உண்மைப் பெயரை விற்பனைப் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் நம் நாட்டு மருந்து விதி திருத்தப்பட்டிருக்கிறது. கூட்டு மருந்துகளில் சிலவற்றுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. தாயாரின் இரண்டு அட்டைகளிலும் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது. படிக்கத் தெரிந்த நான் உட்பட எவரும் அதைப் படிக்கவில்லை.

தேர்வு நாளன்று ஃபஜ்ரு தொழுது ஆவடியில் ரயில் ஏறினோம். வண்டியில் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. “கேட்கட்டுமா?” என்றேன். “வேண்டாம் அத்தா. துஆச் செய்யுங்கள், போதும்” என்றாள். தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம், எப்படி எழுதினாய் என்று கேட்டேன். “சர்க்கரை இறங்கும்போது எந்த அறிகுறி மறையாது என்று ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே போனேன். வந்திருந்தால் அழுதிருப்பேன்” என்றாள். அது வரவில்லையாம். இறையருளால் தேறினாள், பதிவும் செய்துகொண்டு இப்போது பணியில் இருக்கிறாள். வாரத்தில் ஓரிரவு ரைஹால் இன்றும் விரிகிறது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

தேர்வு எழுதுவது மருந்தாளுநரின் கடமை. நமக்கும் சில கடமைகள் உண்டு. என் மகள் எங்கள் வீட்டில் கொண்டுவந்த வழக்கங்களை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் உண்ணும் மருந்துகளின் உண்மைப் பெயரை ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எந்த ஊருக்குச் சென்றாலும், எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதன் நகலைக் கொடுத்தனுப்புங்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் உள்ள பகுதி கடைசிவரை இருக்கட்டும். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் உண்பவர் சளிக்கென்று வேறொரு மாத்திரையையும் வாங்கினால், அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் கூட்டம் இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் நோன்பு நோற்க விரும்பினால், ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். நாளுக்கு ஒருமுறை உண்ணும் சில மாத்திரைகளை ஸஹரிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள், அளவையும் குறைப்பார்கள். அதை நாமாகச் செய்துகொள்ளக் கூடாது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரையை அளப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

என் தாயாருக்கு அந்த நோன்பு முறிந்ததில் நெடுநாள் வருத்தம் இருந்தது. மருத்துவர் இனி நோன்பு வேண்டாம் என்று சொன்னபின், விடுபட்டவற்றுக்கு ஃபித்யா கொடுத்தோம். அடுத்த ரமளானில் நாங்கள் ஸஹர் செய்யும்போது தாமும் எழுந்து எங்களோடு அமர்ந்திருந்தார். “அல்லாஹ் தந்த சலுகையை வாங்கிக்கொள்வதற்கும் ஈமான் வேண்டும், அத்தா” என்று என் மகள் மெதுவாகச் சொன்னாள். இருபதாண்டுகளாகப் பாடம் எடுப்பவன் நான். அன்று ஸஹரில் அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டேன்.

கற்ற கல்வியை மறவாமல் காத்து, அது தேவைப்படும் மனிதருக்குத் தேவைப்படும் நொடியில் பயன்படச் செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.